இணைப்பை உடைக்காமல் விரிசலைக் கண்டறிவது எப்படி?

பொங்கலுக்கு மண்பானை வாங்குபவர்கள் அதை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். 'ணங்' என்று ஒலித்தால் நல்ல பானை. ஒலி மந்தமாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது என்று பொருள். பானையை உடைத்துப் பார்த்தால் உண்மை உறுதியாகத் தெரிந்துவிடும். ஆனால் பொங்கல் வைக்கப் பானை இருக்காது.

கப்பல், எண்ணெய்க் குழாய், கொதிகலன், பாலம் ஆகியவற்றின் பற்றவைப்பு இணைப்புகளிலும் இதே சிக்கல்தான். வெட்டிப் பார்த்த இணைப்பு பயன்படாது. பார்க்காத இணைப்பை நம்ப முடியாது. இதற்குத் தீர்வாக வந்ததே சிதைக்காத சோதனை முறை. துவாஸ், பாசிர் கூடாங் கப்பல் பட்டறைகளில் வேலை செய்யும் நம்மவர்கள் இதை 'என்டிடி' என்றே சொல்வார்கள்.

வெல்டிங் செய்யும்போது உருகிய உலோகம் சில விநாடிகளில் இறுகிவிடுகிறது. அதற்குள் வாயு சிக்கிக்கொண்டால் துளைகள் உண்டாகும். கசடு உள்ளே தங்கிவிடுவதும் உண்டு. சில வேளைகளில் உருகிய உலோகம் பக்கத்துத் தகட்டோடு கலக்காமல் வெறுமனே அதன் மேல் படிந்திருக்கும். இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது விரிசல். அதன் முனை கூர்மையானது. இணைப்பின் மீது விழும் விசை அந்த முனையில் குவிவதால் விரிசல் சிறிது சிறிதாக வளரும்.

சோதனையில் முதல் கருவி கண்தான். நல்ல வெளிச்சம், அளவுகோல், சிறு கண்ணாடி இவற்றைக் கொண்டே பல குறைகளைக் கண்டுபிடித்துவிடலாம். அடுத்தது சாயச் சோதனை. இணைப்பைச் சுத்தம் செய்து சிவப்புச் சாயம் பூசி, சில நிமிடங்கள் ஊறவிட்டுத் துடைத்துவிடுவார்கள். பிறகு வெள்ளைப் பூச்சைத் தெளித்தால், விரிசலுக்குள் புகுந்த சாயம் வெளியே கசிந்து சிவப்புக் கோடாகத் தெரியும். மேற்பரப்பில் வாய் திறந்திருக்கும் விரிசலை மட்டுமே இது காட்டும்.

காந்தத் துகள் சோதனையில் இரும்பைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புத் துகள்களைத் தூவுவார்கள். விரிசல் இருக்கும் இடத்தில் துகள்கள் வரிசையாகச் சேரும். காந்தப் புலம் ஓடும் திசையிலேயே விரிசலும் இருந்தால் அது தெரியாமல் போகலாம். அதனால் திசையை மாற்றி இரண்டு முறை சோதிப்பது விதி. காந்தம் ஈர்க்காத எவர்சில்வர் வகைகளிலும் அலுமினியத்திலும் இந்த முறை செல்லாது.

இணைப்பின் உள்ளே பார்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று ஊடுகதிர்ப் படம். எக்ஸ்ரே கருவியோ இரிடியம்-192 போன்ற கதிரியக்கப் பொருளோ இதற்குப் பயன்படும். துளையும் கசடும் படத்தில் தெளிவாகத் தெரியும். ஆனால் கதிருக்குச் சாய்வாக இருக்கும் மெல்லிய விரிசல் தப்பிவிடக்கூடும். மற்றொன்று கேளா ஒலிச் சோதனை. ஒலியை உலோகத்துக்குள் அனுப்பி, குறையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத் திரையில் பார்ப்பார்கள். விரிசலையும் அதன் ஆழத்தையும் இதில் அறியலாம். ஆனால் கருவியைப் பிடித்திருப்பவரின் தேர்ச்சியைப் பொறுத்தே முடிவு அமையும்.

ஆக, ஒவ்வொரு முறைக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. எந்த இணைப்புக்கு எந்தச் சோதனை என்று முடிவு செய்வதில்தான் அறிவு வேண்டும். அந்த முடிவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வடகடலில் நடந்த விபத்து ஓர் எடுத்துக்காட்டு.

நோர்வேயின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் 'அலெக்சாண்டர் கீலாண்ட்' என்ற மிதக்கும் மேடை தொழிலாளர்களின் தங்குமிடமாக இருந்தது. 1980 மார்ச் 27ஆம் தேதி மாலை, அதன் ஐந்து கால்களில் ஒன்று முறிந்து பிரிந்தது. சுமார் 20 நிமிடங்களில் மேடை கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் உயிரிழந்தனர்.

நோர்வே அரசு அமைத்த விசாரணைக் குழு 1981இல் அறிக்கை அளித்தது. கால்களை இணைத்த தாங்குகுழாய்களில் ஒன்றில், நீருக்கடி ஒலியுணர் கருவிக்காக ஒரு பிடிப்பு பற்றவைக்கப்பட்டிருந்தது. அது மேடையின் சுமையைத் தாங்கும் பாகமல்ல. ஆகவே அதன் 6 மில்லிமீட்டர் பற்றவைப்புக்கு யாரும் முக்கியத்துவம் தரவில்லை. விரிசல் அங்கேதான் தொடங்கியது. அலைகளின் ஓயாத அசைவில் அது வளர்ந்து தாங்குகுழாயைச் சுற்றிப் பரவியது. அந்தக் குழாய் முறிந்ததும், அதே காலைப் பிடித்திருந்த மற்றக் குழாய்களும் அடுத்தடுத்து முறிந்தன.

விரிசலின் உள்ளே பெயிண்ட் படிந்திருந்தது. 1976இல் மேடை பட்டறையை விட்டு வெளியேறும் முன்பே விரிசல் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. நுண்ணிய விரிசலுக்குள்ளும் திரவம் புகும் என்பதுதான் சாயச் சோதனையின் அடிப்படை. அங்கே பெயிண்டும் அப்படித்தான் புகுந்தது. ஆனால் சாயம் காட்டிக் கொடுக்கும். பெயிண்ட் மூடி மறைத்துவிடும்.

ஒரு பற்றவைப்பு எவ்வளவு சிறியது என்று பார்ப்பது போதாது, அது எதன் மீது ஒட்டியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதே இந்த விபத்து தரும் பாடம். விளக்கு மாட்டும் கொக்கியானாலும், சுமை தாங்கும் குழாயில் பற்றவைத்தால் அது அந்தக் குழாயின் பகுதியாகிவிடுகிறது.

அவசரமும் ஆபத்துதான். தடித்த, உறுதி மிக்க எஃகில் ஹைட்ரஜன் சேர்வதால் வரும் விரிசல் உடனே தோன்றாது. வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தே அது வெளிப்படும். அதனால் இத்தகைய இணைப்புகளை 48 மணி நேரம் காத்திருந்து சோதிப்பது வழக்கம். கப்பலை ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது அந்த இரண்டு நாள்கள் வீண் தாமதமாகத் தோன்றலாம். ஆனால் பெயிண்ட் அடித்த பிறகு அந்த வாய்ப்பு எளிதில் திரும்பி வராது.