சிறையிலிருந்து காக்பிட்டுக்கு

1990 மார்ச் 8. அமெரிக்காவின் ஃபார்கோ நகரிலிருந்து மினியாபொலிஸுக்கு 91 பயணிகளோடு கிளம்பியது நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் போயிங் 727. பத்திரமாகத்தான் இறங்கியது. ஆனால் இறங்கிய கையோடு விமானிகள் மூவரும் கைதானார்கள். கேப்டன் லைல் பிரவுஸ் முந்தைய இரவு பதினைந்து கிளாஸுக்கு மேல் ரம்மும் கோக்கும் குடித்திருந்தார். போதை முழுதாக இறங்காமலேயே விமானத்தை ஓட்டி வந்திருந்தார்.

வேலை போனது. உரிமம் போனது. 16 மாதச் சிறைத் தண்டனை வேறு.

விமானிகளிடையே குடிநோய் புதிய சங்கதி அல்ல. ஒரு காலத்தில், குடிநோயாளி என்று மருத்துவக் கோப்பில் ஏறிவிட்டால் அவருடைய பறக்கும் வாழ்க்கை அதோடு சரி. அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும். பிள்ளைகுட்டிக்காரன் பிழைப்பில் மண் போடுவானேன் என்று மூடி மறைத்தார்கள். நல்ல மனசுதான். குடிக்கு அதைவிடத் தோதான காவல் வேறு கிடையாது.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 1974-இல் அமெரிக்காவில் ‘ஹிம்ஸ்’ என்ற திட்டம் தொடங்கியது. விமானிகள் சங்கம், விமான நிறுவனங்கள், விமானப் போக்குவரத்து ஆணையம் ஆகிய மூன்றும் அதில் கைகோத்தன. ஒப்பந்தம் எளிது: சிகிச்சைக்கு வா, குடியை அடியோடு விடு, விட்டதை நிரூபி, வேலை திரும்பக் கிடைக்கும்.

நிரூபிப்பதில்தான் இருக்கிறது சங்கதி. மறுவாழ்வு மையத்தில் சில வாரம் தங்கி வருவது வெறும் தொடக்கம். பிறகு மனநல மருத்துவரின் பரிசோதனை, நினைவாற்றலும் கவனமும் பழுதில்லையா என்று பார்க்கும் சோதனைகள், குழுக் கூட்டங்கள். வேலைக்குத் திரும்பிய பிறகும், எப்போது வரும் என்று தெரியாத திடீர்ப் பரிசோதனைகள் வருடக்கணக்கில் தொடரும். மேலதிகாரி ஒருவரும் சக விமானி ஒருவரும் அவரைத் தவறாமல் சந்தித்துப் பேசி அறிக்கை தர வேண்டும். அந்தச் சக விமானி பெரும்பாலும் தானும் குடித்து, மீண்டு வந்தவர். “நேத்து கொஞ்சமாத்தான்” என்ற பேச்செல்லாம் அவரிடம் செல்லாது. சொன்னவரே அவர்தானே ஒரு காலத்தில்!

இரக்கமும் கண்காணிப்பும் ஒன்றுக்கொன்று பகை என்றுதான் அலுவலகங்கள் பொதுவாக நினைக்கின்றன. ஒன்று, சீட்டைக் கிழிப்பது. இல்லையென்றால் கண்டும் காணாமல் விடுவது. ஹிம்ஸ் இரண்டையும் ஒரே கயிற்றில் திரித்தது. ஆயிரக்கணக்கான விமானிகள் அதன் வழியாகப் பணிக்குத் திரும்பியிருக்கிறார்கள். எந்த நிறுவனமும் ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கும்: பல ஆண்டுப் பயிற்சியில் உருவான ஒரு கேப்டனுக்கு மாற்று உடனே கிடைத்துவிடாது.

பிரவுஸ் கைதானதும் சிகிச்சைக்குப் போனார். அதன் பிறகு குடிக்கவில்லை. சிறையிலிருந்து வந்தவர், இழந்த உரிமங்களை அடிப்படைத் தேர்விலிருந்து ஒவ்வொன்றாக மீண்டும் எழுதி வாங்கினார். நார்த்வெஸ்ட்டின் அப்போதைய தலைவர் ஜான் டாஸ்பர்க், குடியால் அலைக்கழிந்த குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் பக்கபலமாக நிற்க, 1993-இல் அதே நிறுவனம் பிரவுஸைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1998-இல் அவர் ஓய்வு பெற்றபோது போயிங் 747 ஜம்போவின் கேப்டன்.

2001-இல் அதிபர் கிளிண்டன் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அதற்கு ஆதரவாக நின்றவர், அவரைச் சிறைக்கு அனுப்பிய அதே நீதிபதி ஜேம்ஸ் ரோசன்பாம்.