வாசலிலே 150 வெள்ளி!
சிங்கப்பூர் சூதாட்ட மாளிகைகள்

அருள்புரம் பனியன் கம்பெனிக் குடும்பங்களில் இருந்தும் இப்போது சிங்கப்பூருக்குப் போகிறார்கள். சிலர் வேலைக்கு, சிலர் சுற்றிப் பார்க்க. அங்கே போனவர் கண்ணில் படாமல் தப்பாத கட்டடம் ஒன்று உண்டு. 55 மாடி உயரத்தில் மூன்று கோபுரங்கள். அவற்றின் தலையில் ஒரு கப்பல்! அதுதான் மரீனா பே சாண்ட்ஸ். அந்த வளாகத்தில்தான் சூதாட்ட மாளிகை இருக்கிறது. இன்னொரு மாளிகை செந்தோசா தீவில் உள்ளது. இரண்டும் சர்க்கார் உரிமம் பெற்றவை. இரண்டுமே 2010-ம் ஆண்டில் திறக்கப்பட்டன.

சிங்கப்பூரை உருவாக்கிய லீ குவான் யூ நெடுங்காலம் சூதாட்ட விடுதியை எதிர்த்தவர். ஆனால், சுற்றுலாப் பயணிகள் வர வேண்டும், பலருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று 2005-ல் அவர் மகன் லீ சியன் லூங்கின் சர்க்கார் அனுமதி கொடுத்துவிட்டது.

உள்ளே இரவு, பகல் கிடையாது. 24 மணி நேரமும் ஆட்டம்தான். சீட்டு, பகடை, பொத்தானை அழுத்தினால் ஓடும் இயந்திரம், சுழலும் சக்கரம் எல்லாம் உண்டு.

சக்கரத்தின் கணக்கு

சக்கரத்தில் பூச்சியம் முதல் 36 வரை, மொத்தம் 37 எண்கள். ஓர் எண்ணில் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால், கட்டிய பணத்தோடு 3,500 ரூபாய் தருவார்கள். அடேயப்பா என்று தோன்றும்! சரி, 37 எண்களிலும் நூறு நூறாகக் கட்டிப் பாருங்கள். போட்டது 3,700 ரூபாய். எந்த எண் விழுந்தாலும் கைக்கு வருவது 3,600. நூறு ரூபாய் மாளிகைக்கு! சகுனியின் பகடையில்தான் சூழ்ச்சி வேண்டும். இங்கே அதுவும் வேண்டாம், கணக்கே போதும். சில சக்கரங்களில் இரண்டு பூச்சியம். அங்கே நஷ்டம் இன்னும் அதிகம்.

சொந்த மக்களுக்குக் கட்டணம்

இந்தக் கணக்கு சிங்கப்பூர் சர்க்காருக்கும் தெரியும். அதனால் சொந்தக் குடிமக்கள் உள்ளே நுழையவே 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். (அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள்.) நம் பணத்தில் ஏறக்குறைய 10,000 ரூபாய். திருப்பூர்த் தையல்காரரின் ஒரு வாரச் சம்பளத்தைவிட அதிகம்! 2019 வரை இது 100 வெள்ளியாக இருந்தது. 21 வயது ஆகாதவருக்கு அனுமதியே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த சட்டம் வேறொன்று. கணவன் சூதில் பணத்தை அழித்தால், மனைவி மனுக் கொடுத்து அவரை உள்ளே விடாமல் தடுக்கலாம். பெற்றோரும் பிள்ளைகளும்கூட மனுக் கொடுக்கலாம். விசாரித்துத் தடை போடுவார்கள்.

வெளிநாட்டுப் பயணிக்கோ நுழைவுக் கட்டணமே கிடையாது! பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், கதவு திறக்கும். வேலைக்குப் போன நம் ஊர்த் தம்பிக்கும் அப்படித்தான். ஆனால் ஒரு வழி உண்டு: "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று அவரே எழுதிக் கொடுக்கலாம். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இந்த உரிமை இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு அவரே போய் நின்றாலும் வாசலில் தடுத்துவிடுவார்கள்.