ஒரு வாணலியில் ஏழு டோனட்

போன சிம்போசியத்துல என்னை ஃபுட் கமிட்டியில போட்டாங்க. பசங்களுக்கு ரோபோ ரேஸ், பொண்ணுங்களுக்கு ரிசப்ஷனும் சாப்பாடும். 'மெக்கானிக்கல் படிச்சது டீ ஊத்தவா?'ன்னு செம கடுப்பு. அந்த நேரத்தில்தான் 'டோனட் கேர்ள்ஸ்' பற்றிப் படித்தேன்.

1917, முதல் உலகப்போர். அமெரிக்கப் படை பிரான்சில் வந்து இறங்கியிருந்த சமயம். மோந்தியேர் என்ற கிராமத்தில் முகாம். வாரக்கணக்கில் விடாத மழை. வீரர்களில் பலருக்கு நம்ம வயசுதான். அவர்களைக் கவனித்துக்கொள்ள சால்வேஷன் ஆர்மி (நம்ம ஊரில் இரட்சணிய சேனை) பெண் தொண்டர்களை அனுப்பியது. அவர்களில் இருவர் ஹெலன் பர்வையன்ஸ், மார்கரெட் ஷெல்டன்.

வீட்டு ஞாபகம் வர்ற மாதிரி ஏதாவது செஞ்சு கொடுக்கணும். ஆனா ஓவன் கிடையாது. கையில் இருந்தது மாவு, சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, பேக்கிங் பவுடர், டின் பால். சுட முடியாது, பொரிக்கத்தான் முடியும். அதனால்தான் டோனட்.

மாவு தேய்க்கக் கட்டை இல்லை. காலி ஜூஸ் பாட்டில் கட்டையானது. வாணலியில் ஒரு ஈட்டுக்கு ஏழுதான் வேகும். அடுப்பு ரொம்பத் தாழ்வு. ஹெலன் ஈரத்தரையில் முழங்காலிட்டுத் தீயைப் பார்த்துக்கொண்டார். முதல் நாள் 150 டோனட், அதாவது 20 ஈட்டுக்கு மேல்! வாசனை பிடித்து வீரர்கள் மழையிலேயே வரிசையில் நின்றார்கள். மறுநாள் எண்ணிக்கை இரண்டு மடங்கானது.

ஒரு வீரர் 'ஓட்டை போட்ட டோனட் கிடைக்காதா?' என்று கேட்டாராம். உள்ளூர்க் கொல்லர் ஒருவர் பால் டின் மூடியையும் ஒரு சின்னக் குழாயையும் மரக்கட்டையில் பொருத்தி கட்டர் செய்து கொடுத்தார். ஓட்டை சும்மா அழகுக்கு இல்லைங்க. எண்ணெயின் சூடு வெளியிலிருந்துதான் உள்ளே போகணும். ஓட்டை இல்லாட்டி வெளியே கருகும், நடுவில் மாவு வேகாது. சூடு கடக்க வேண்டிய தூரம் பாதியானா, நேரம் கிட்டத்தட்ட கால்வாசி ஆகும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல எழுதினோமே, அதேதான். நம்ம மெதுவடை ஓட்டைக்கும் இதுதான் கணக்கு.

டோனட்டோடு வேலை முடியவில்லை. கிழிந்த சட்டையைத் தைத்தார்கள். வீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுத உதவினார்கள். போர்முனைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஹெல்மெட்டும் கேஸ் மாஸ்க்கும் வைத்திருந்தார்கள்.

இரண்டாம் உலகப்போரில் இது இன்னும் பெரிதானது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 'கிளப்மொபைல்' வண்டிகளை இறக்கியது. உள்ளேயே டோனட் மெஷின், காபி. நார்மண்டியில் படை இறங்கிய பிறகு, பெண்களே ராணுவ டிரக் ஓட்டிப் படைக்குப் பின்னாலேயே போனார்கள். கிளப்மொபைலில் வேலை பார்த்த எலிசபெத் ரிச்சர்ட்சன் 1945-இல் விமான விபத்தில் இறந்தார். நார்மண்டியின் அமெரிக்கக் கல்லறையில், ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு நடுவே அவர் கல்லறையும் இருக்கிறது.

ஆனா போஸ்டர்களில் நாம பார்ப்பது டோனட் தட்டோடு சிரிக்கும் பெண்ணை மட்டும்தான். முழங்காலிட்ட ஈரத்தரை அதில் தெரியாது.

இதைப் படிச்ச பிறகு டீ ஊத்துற வேலை எனக்குச் சின்னதா தெரியல. 'பொண்ணுன்னா அதுதான்'னு முடிவு பண்றது மட்டும்தான் இன்னும் கடுப்பா இருக்கு. அடுத்த வருஷம் கமிட்டி போடுற ஜூனியர்ஸ், சீட்டுக் குலுக்கிப் போடுங்க. ரோபோ ரேஸ் பசங்களும் ஒரு நாள் 300 பேருக்கு டீ ஊத்திப் பார்க்கட்டும்.