உட்கார ஒரு விலை, நிற்க ஒரு விலை

மும்பை மாதுங்காவாசிகளுக்குக் கச்சேரி டிக்கெட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிங்ஸ் சர்க்கிள் அருகிலுள்ள சண்முகானந்தா அரங்கம். 1952இல் தொடங்கிய சபா, 1963இல் திறந்த அரங்கு, 2,763 இருக்கைகள். அங்கே டிக்கெட் என்பது ஓர் இருக்கையின் முகவரி: வரிசை, எண், மாடி. நாடகத்துக்கும் அப்படியே.

ஸ்டேடியத்தில் நடக்கும் இசை நிகழ்ச்சிக்குக் கணக்கே வேறு. 2025 ஜனவரியில் நவி மும்பையில் கோல்ட்ப்ளே குழு மூன்று நாள் பாடியது. மாடத்தில் உட்கார 2,500 ரூபாயிலேயே டிக்கெட் இருந்தது. மைதானத்தில் நிற்க 6,450 ரூபாய்! மலிவான இருக்கையில் உட்கார்ந்தவரைவிடக் கால் கடுக்க நின்றவர் கூடுதலாகக் கொடுத்தார். இருக்கை எண் கிடையாது. முன்னால் வந்தவருக்கு மேடை பக்கம். மறுவிற்பனையில் விலை லட்சங்களைத் தொட்டதாகச் செய்தி வர, போலீஸ் விசாரணையும் நடந்தது.

வரியும் டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். கச்சேரி, நாடகம், நடனம், சர்க்கஸ் ஆகியவற்றுக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி இல்லை; அதைத் தாண்டினால் 18 சதவீதம். சினிமாவுக்கு அந்த விலக்கு கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கோ 40 சதவீதம்.

ஆண்டுச் சந்தா கட்டிய சபா உறுப்பினர் பலருக்கு இந்தக் கவலை ஏதுமில்லை. மாதாந்தரக் கச்சேரிக்கு உறுப்பினர் அட்டையே டிக்கெட்.