சர்வீஸ் செய்த டிராக்டரில் புதுச் சத்தமா?

மானாவாரி நிலத்தில் மழை ஈரம் நான்கைந்து நாட்களுக்கு மேல் நிற்காது. அதற்குள் உழுது விதைத்தாக வேண்டும் என்பதற்காகவே டிராக்டரை முன்கூட்டி சர்வீஸ் செய்து வைக்கிறோம். மழை பெய்த மறுநாள் காலை என்ஜினைக் கிளப்பினால், அதுவரை இல்லாத ஒரு சத்தம் கேட்கிறது. "என்ஜினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்" என்று யாராவது சொல்லிவிட்டால் மனம் கலங்கி விடும். பிரிப்பதென்றால் பல ஆயிரம் ரூபாய் செலவு. விதைப்புப் பருவமும் கைவிட்டுப் போய்விடும்.

அவசரப்பட வேண்டாம். சர்வீஸ் முடிந்தவுடன் தோன்றும் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் சர்வீஸின்போது கை வைத்த இடத்திலேயே இருக்கும். ஆயில், ஆயில் பில்டர், டீசல் பில்டர், ஏர் கிளீனர், பெல்ட், டேப்பெட் ஆகியவற்றில் எதையெல்லாம் கழற்றி மாட்டினார்கள் என்று முதலில் கேட்டறிந்து, அவற்றை மட்டும் வரிசையாகப் பார்த்தால் போதும்.

முதலில் ஆயில் பிரஷர்

எந்தச் சத்தமானாலும் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் பிரஷர் முள் அல்லது சிவப்பு விளக்கு. ஆயிலும் பில்டரும் மாற்றிய பிறகு முதன்முறை கிளப்பும்போது, காலியான புது பில்டர் நிரம்பும் வரை சில விநாடிகள் கடகடவென்று சத்தம் வரும். இது இயல்பானது. பத்து விநாடிகளுக்குள் விளக்கு அணைய வேண்டும். முள் ஏற வேண்டும். இல்லையேல் உடனே என்ஜினை நிறுத்தி விடுங்கள். ஆயில் போகாமல் ஓடும் பேரிங் சில நிமிடங்களிலேயே கெட்டுவிடும்.

நிறுத்திய பிறகு டிராக்டரைச் சமதளத்தில் வைத்து, பத்து நிமிடம் கழித்து அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் பில்டரைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது பில்டரை மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு வளையங்களுக்கு இடையே ஆயில் பீறிட்டு வெளியேறிவிடும். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் கெடுதல்தான். கிராங்க் சுழலும்போது ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை கலந்த ஆயிலால் பிரஷரைத் தாங்க முடியாது. அதிகப்படியானதை வடித்துவிட வேண்டும்.

சத்தத்தைப் பிரித்தறிதல்

நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜின் மீது ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டால் சத்தம் பிறக்கும் இடம் தெளிவாகத் தெரியும். இதைச் செய்யும் முன் வேட்டியை இறுக்கிக் கட்டுங்கள். தோளில் உள்ள துண்டை எடுத்து விடுங்கள். பெல்ட்டும் விசிறியும் துணியைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும்.

'கிரீச்' என்ற சத்தம்: பெல்ட் தளர்ந்திருக்கலாம். என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு பெல்ட்டிலோ, தண்ணீர் பம்ப் அல்லது டைனமோ பேரிங்கிலோதான் உள்ளது, என்ஜினுக்குள் இல்லை.

'உஸ்' என்ற சீறல்: ஏர் கிளீனர் குழாயின் கிளிப் சரியாக இறுகவில்லை. சத்தம் சிறியதாக இருந்தாலும் இதை அலட்சியம் செய்யக் கூடாது. அந்த இடைவெளி வழியே புழுதி நேராக உள்ளே போய், ரிங்கையும் லைனரையும் அரைத்துவிடும். ஆயில் ஊற்றும் வகை ஏர் கிளீனரில் குறியீட்டுக்கு மேல் ஆயில் ஊற்றக் கூடாது. என்ஜின் அதை உறிஞ்சி, கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும் அபாயம் உண்டு.

சீரற்ற 'டக் டக்', ஓட்டத்தில் தடுமாற்றம்: டீசல் பில்டர் மாற்றியபோது காற்று புகுந்திருக்கும். பில்டர் தலைப்பில் உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை ஏர் எடுத்து, பிறகு இறுக்க வேண்டும். இவ்வளவில் பல டிராக்டர்களின் 'நோய்' தீர்ந்துவிடும்.

ஏர் எடுத்த பிறகும் ஒரே சீரான தட்டல் தொடர்ந்தால் ஒரு நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகலாம். மெதுவான ஓட்டத்தில் மெக்கானிக் ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் மாற்றி மாற்றிச் சிறிது தளர்த்திப் பார்ப்பார். எதைத் தளர்த்தும்போது தட்டல் நிற்கிறதோ, அந்த நாசிலை மட்டும் கழற்றிச் சோதித்தால் போதும். இந்த வேலையை அனுபவம் இல்லாதவர்கள் செய்யக் கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும்; ஊசி குத்தியது போன்ற காயமானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காமன் ரெயில் வகை என்ஜின்களில் இச்சோதனையை யாருமே செய்யக் கூடாது. 2023 ஜனவரியில் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதி வந்த பின் இவ்வகை என்ஜின்கள் பெருகியுள்ளன.

மேல்பக்கம் 'டிக் டிக்': டேப்பெட் இடைவெளி கூடியிருக்கிறது. பீலர் கேஜ் வைத்து, கம்பெனிப் புத்தகத்தில் கண்ட அளவுக்குச் சரிசெய்யலாம். அந்த அளவு ஆறிய என்ஜினுக்கா, சூடான என்ஜினுக்கா என்பதையும் பார்க்க வேண்டும். சத்தத்தை அடியோடு போக்குவதற்காக இடைவெளியைக் குறைத்துவிடுவது பெருந்தவறு. வால்வு முழுவதும் மூடாமல் கருகிவிடும். டிக் டிக் என்னும் டேப்பெட் எச்சரிக்கை தருகிறது. இறுகிய டேப்பெட் சத்தமில்லாமலே கெடுக்கிறது.

'புஸ் புஸ்': புகைக் குழாய் சேரும் இடத்தில் கேஸ்கட் கசிகிறது. டேப்பெட் சத்தம் போலவே கேட்கும். அங்கே கரி படிந்திருந்தால் இதுவே காரணம்.

எப்போது ஓட்டவே கூடாது?

அடிப்பக்கத்திலிருந்து கனமான 'டங் டங்' சத்தம் வந்து, பாரம் ஏற்றும்போது அது அதிகமாகி, ஆயில் பிரஷரும் குறைந்தால் அது கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம். வீடு வரை கூட ஓட்ட வேண்டாம். கொஞ்சம் ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். மினுக்கும் துகள்கள் இருந்தால் என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். பேரிங் பூச்சின் துகள்கள் காந்தத்தில் ஒட்டாது. எனவே காந்தத்தை மட்டும் வைத்துப் பார்த்து ஏமாறக் கூடாது. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் பேரிங்கோடு போகும். தொடர்ந்து ஓட்டினால் கிராங்கும் கெட்டு, செலவு பல மடங்காகும்.

சர்வீஸ் நடக்கும்போது

பட்டறையில் டிராக்டரை விட்டுவிட்டு வந்துவிடாமல் கூடவே இருங்கள். கழற்றிய பழைய பில்டரைக் கேட்டு வாங்கி, அதில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஊற்றிய ஆயிலின் ரகம், அளவு, மணி மீட்டர் காட்டிய எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அங்கேயே கால் மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

நாள்தோறும் ஓட்டுபவருக்கே தன் என்ஜினின் இயல்பான சத்தம் நன்கு தெரியும். புதுச் சத்தம் எப்போது தொடங்கியது, சூட்டிலா குளிரிலா, பாரத்திலா வெறும் ஓட்டத்திலா என்று தெளிவாகச் சொன்னால், மெக்கானிக் தேவையில்லாத இடத்தில் ஸ்பானர் வைக்க மாட்டார். ஈரம் காயும் முன் உழவும் முடியும்.