விலா எலும்பில் வேய்ந்த ஓடு

முசிறித் துறையிலிருந்து மேற்கே கப்பலேறிய சரக்குகளைப் பட்டியலிடும் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடற்பயணக் கையேடு, மிளகு, முத்து, தந்தம், வைரம் ஆகியவற்றோடு ஆமையோட்டையும் சேர்த்துச் சொல்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டு நூல் அது. சேரர் கரையை ஒட்டிய தீவுகளில் பிடித்த ஆமைகளின் ஓடு ஒரு பங்கு. கிழக்கே கிரைசே என்ற நாட்டிலிருந்து வந்தது இன்னொரு பங்கு. கிரைசே மலாய்ப் பக்கத்து நிலம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அப்படியானால் அந்தச் சரக்கு அந்தமான் கடலைக் கடந்துதான் முசிறிக்கு வந்திருக்கும்.

ஆனால் கப்பலேறியது ஓடு அல்ல, ஓட்டின் மேல்தோல். அந்தமானின் பவளப்பாறைகளில் இன்றும் மேயும் அழுங்காமையின் முதுகில் பதின்மூன்று பெரிய தகடுகள், நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறிப் படிந்திருக்கும். தேன் நிறத்தில் கருஞ்சிவப்புத் தீற்றல் ஓடும் அந்தத் தகடுகள், நம் நகத்தை ஆக்கும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. ரோமானியச் சீமான்களின் கட்டில்களில் பதித்ததும், பிற்காலத்தில் சீப்பாகவும் மூக்குக் கண்ணாடிச் சட்டமாகவும் ஆனதும் இந்தத் தகடுதான். அதற்குக் கீழே எலும்பு இருக்கிறது. அந்த எலும்பை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. ஆமையின் கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஓட்டைக் கவிழ்த்து உட்புறத்தைப் பார்த்தால் நடுவே முதுகெலும்பு ஓடுவது தெரியும். முள்ளெலும்புகள் கூரையோடு கூரையாக ஒட்டிப்போயிருக்கும். அவற்றின் இருபுறமும் விலா எலும்புகள் தட்டையாக அகன்று, பக்கத்து விலாவோடு இணைந்திருக்கும். மேலோட்டில் ஏறக்குறைய ஐம்பது எலும்புகள். வயிற்றுப் பக்கத்து அடியோட்டில் ஒன்பது. அவற்றில் முன்பகுதி எலும்புகள் சில, நமக்குக் காறை எலும்பாக இருப்பவை. ஆக, ஓட்டுக்குள் ஆமை குடியிருக்கவில்லை. நத்தையின் ஓட்டில் எலும்பும் கிடையாது, நரம்பும் கிடையாது. துறவி நண்டோ பிறர் விட்டுப்போன சங்கில் புகுந்துகொள்கிறது. ஆமைக்கு அந்த வசதி இல்லை. ஓட்டைக் கழற்றுவதென்றால் முதுகெலும்பையும் விலாவையும் பிடுங்கியாக வேண்டும். படகின் விசிறி மேலோட்டைப் பிளந்த கடலாமைகள் சில பின்கால் அசையாமல் மிதப்பதற்கு இதுவே காரணம். தண்டுவடம் அந்தக் கூரைக்குள் இருக்கிறது. ஓட்டின் மேல் விரல் வைத்தாலும் ஆமைக்குத் தெரியும்.

உடற்கூற்றியலாளர்களை நீண்ட காலம் திணறடித்தது தோள். உங்கள் முதுகின் மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் வெளியே கிடக்கிறது. பல்லி, பறவை, யானை எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஆமைக்கு மட்டும் அது உள்ளே. வெளியே இருக்க வேண்டிய எலும்பு கூட்டுக்குள் எப்படிப் போனது?

போகவில்லை, கூடுதான் வெளியே வந்தது. முட்டைக்குள் வளரும் ஆமைக் கருவின் விலாப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு தடிப்பு தோன்றுகிறது. மற்ற விலங்குகளில் வளைந்து கீழிறங்கி நெஞ்சைச் சூழ வேண்டிய விலா எலும்புகள், ஆமையில் கீழிறங்காமல் பக்கவாட்டில் நீள்கின்றன; அந்தத் தடிப்பை ஒட்டி விசிறிபோல் விரிகின்றன. ஜப்பானின் கோபே நகரில் குராத்தானி என்பவரின் குழு, மென்னோட்டு ஆமைக் கருக்களை நாள்வாரியாக ஆராய்ந்து 2009-ல் இதை விளக்கியது. விலாக்கள் விரியும்போது உடற்சுவர் உள்நோக்கி மடிகிறது; தோள்பட்டை இருந்த இடத்திலேயே இருக்க, விலா அதற்கு மேலே கூரையாகிவிடுகிறது. எலும்புகளின் இட வரிசையைப் பெரிதாகக் கலைக்காமல், ஒரு மடிப்பிலேயே வேலை முடிகிறது. இந்த ஒரு மடிப்பை நினைத்து வியக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

ஓடு பாதுகாப்புக்காக வந்தது என்று பள்ளியில் படித்தோம். புதைபடிவங்கள் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ளவில்லை. சீனாவின் குய்சோ மாகாணத்தில் கிடைத்து 2008-ல் அறிவிக்கப்பட்ட ஒடோன்டோகெலிஸ், ஏறக்குறைய 22 கோடி ஆண்டுக்கு முந்தைய ஆமை. வாயில் பல் உண்டு. அடி ஓடு முழுமையாக இருக்கிறது. முதுகில் அகன்ற விலாக்கள் மட்டும், கூரை இன்னும் மூடவில்லை. அதற்கும் மூத்தது தென்னாப்பிரிக்காவின் யூனோட்டோசாரஸ், 26 கோடி ஆண்டுக்கு முந்தையது. அதற்கு ஓடே கிடையாது. விலா எலும்புகள் மட்டும் அகன்றிருந்தன. அகன்ற விலா ஓட்டத்துக்கு இடைஞ்சல், மூச்சுக்கும் இடைஞ்சல்; அப்படியிருந்தும் ஏன் அகன்றது? மண்ணைத் தோண்டும்போது முன்கால்கள் ஊன்ற உறுதியான உடல் வேண்டும், அதற்காகத்தான் என்று டைலர் லைசன் குழுவினர் 2016-ல் வாதிட்டார்கள். முடிந்த முடிவு இல்லை என்றாலும் எனக்கு இது நம்பத்தக்கதாகப் படுகிறது. வளை தோண்ட அகன்ற விலா, பின்னாளில் கவசமாகியிருக்கிறது.

மூச்சுக்குக் கொடுத்த விலை பெரிது. நாம் மூச்சிழுக்கும்போது விலா எழும்பி இறங்குகிறது. ஆமையின் விலா கூரையாகிவிட்டதால் அசையாது. எனவே வயிற்றுப் பக்கத்துத் தசைப் பட்டைகள் உள்ளுறுப்புகளை அழுத்தியும் தளர்த்தியும் நுரையீரலை இயக்குகின்றன.

இனி ஏழுவரி ஆமைக்கு வருவோம். லிட்டில் அந்தமானின் மேற்கு, தெற்குக் கரைகளிலும் கிரேட் நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவிலும் முட்டையிட வரும் இது, உலகின் ஆமைகளிலேயே பெரியது. எடை முந்நூறு, ஐந்நூறு கிலோ என்று போகும். அதன் முதுகில் தகடு இல்லை. கறுத்த, ரப்பர் போன்ற தோலில் ஏழு வரிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. மற்ற ஆமைகளில் இணைந்து இறுகும் விலாக்கள் இதில் தனித்தனியாகவே நிற்கின்றன. பழைய கூரையைக் கைவிட்ட இந்த மரபு, தோலுக்குள் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது: ஆயிரக்கணக்கான சிறு எலும்புத் துண்டுகள் நெருக்கமாகப் பொருந்திய ஒரு மெல்லிய அடுக்கு. அதற்கடியில் எண்ணெய்ப் பசையுள்ள தடித்த இணைப்புத் திசு. கல்போல் இறுகாமல், அழுத்தினால் சற்று வளைந்து கொடுக்கும் முதுகு. இழுது மீனைத் தேடி 1,200 மீட்டருக்கும் கீழே மூழ்கக்கூடிய ஆமை இது; அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். இறுகிய ஓட்டை விட வளையும் முதுகே அங்கே உதவும்.

லிட்டில் அந்தமானில் தக்ஷிண் அறக்கட்டளையும் இந்திய அறிவியல் கழகமும் 2008 முதல் இந்த ஆமைகளைக் கண்காணித்து வருகின்றன. 2011 முதல் அவற்றில் சிலவற்றுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். கருவி சொன்ன செய்தி ஆச்சரியமானது: சில ஆமைகள் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கம் போயின, ஒன்று இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து 13,000 கிலோமீட்டருக்கும் மேல் நீந்தி மொசாம்பிக் கரைப்பக்கம் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பயணிகள் தலையையும் துடுப்புக் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள மாட்டா. எந்தக் கடலாமையாலும் முடியாது. நீந்துவதற்கேற்ப உடல் ஒடுங்கியதில் அந்த இடம் போய்விட்டது. அடக்கமுடைமைக்கு வள்ளுவர் ஆமையை உவமை காட்டியபோது குளத்து ஆமையையோ நிலத்து ஆமையையோதான் பார்த்திருக்க வேண்டும். நிக்கோபார் காட்டு நீர்நிலைகளில் வாழும் பெட்டி ஆமைக்கு அந்தக் குறள் கச்சிதமாகப் பொருந்தும். அதன் அடியோட்டில் ஒரு கீல் இருக்கிறது. தலை, நான்கு கால் என ஐந்தையும் உள்ளே இழுத்து, கதவைச் சாத்துவதுபோல் முழுவதும் மூடிக்கொள்ளும்.

அந்தமான் ஆமைகளைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு சதீஷ் பாஸ்கருக்கு உரியது. சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்து படிப்பை விட்டவர். 1970களின் இறுதியிலிருந்து இத்தீவுகளின் கரைகளைக் கால்நடையாகவே அளந்தார். சவுத் ரீஃப் என்ற சின்னத் தீவில் மாதக்கணக்கில் தனியாகத் தங்கி அழுங்காமைகளைக் கணக்கெடுத்தார். கலத்தியாவின் ஏழுவரி ஆமைகள் அறிவியல் கவனத்துக்கு வந்ததும் அவரால்தான். 2023-ல் மறைந்தார். கலத்தியா 1997-ல் சரணாலயமானது. 2004 சுனாமி அந்தக் கரையை விழுங்கியது. மணல் திரும்பச் சேர, ஆமைகளும் திரும்பின. 2021 ஜனவரியில் துறைமுகத் திட்டத்துக்காகச் சரணாலய அறிவிப்பு ரத்தானது. கரை மாறினால் வேறு கரைக்குப் போகட்டுமே என்பவர்கள், அந்த அளவுக்கு ஏழுவரி ஆமை வரும் கரைகள் இந்தியாவில் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். இத்தீவுகளைத் தாண்டி வேறு இல்லை.

அழுங்காமைக்கு வேறு ஆபத்து. இறந்த ஆமையில் தகட்டின் நிறம் மங்கிவிடும் என்பதால், முட்டையிட வந்ததை உயிரோடு நெருப்பின் மேல் தொங்கவிட்டுத் தகட்டைப் பெயர்த்தெடுத்து, பிறகு கடலில் விட்டுவிடும் வழக்கம் இலங்கையில் இருந்ததை எமர்சன் டென்னன்ட் 1861-ல் எழுதினார். தகடு மறுபடி முளைக்கும் என்ற எண்ணமாக இருக்கலாம். தோலுரித்து விட்டதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. பன்னாட்டு வணிகம் 1970களிலேயே தடையானது. பெரும் வாங்குநரான ஜப்பான் 1992 இறுதியில்தான் இறக்குமதியை நிறுத்தியது. சுற்றுலா போகும் இடத்தில் யாராவது அசல் ஆமை ஓடு என்று மோதிரமோ சீப்போ காட்டினால் வாங்காதீர்கள். கடலாமைகள் அனைத்தும் இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆமையின் ஓட்டில் செய்த பொருளை விற்றாலும் வாங்கினாலும் மூன்று ஆண்டுக்குக் குறையாமல், ஏழு ஆண்டு வரை சிறை.