உங்களுக்குத் தெரியுமா? படமே இல்லாத ‘ஸ்கேன்’ கோப்பு!

மருத்துவப் படங்களைச் சேமிக்கும் டைகாம் (DICOM) கோப்பு என்றாலே ஸ்கேன் படம்தான் என்று நினைக்கிறோம். ஒரு படம்கூட இல்லாத டைகாம் கோப்பும் உண்டு. உள்ளே இருப்பது டாக்டரின் அறிக்கை மட்டும்!

• அறிக்கையில் கட்டி 12 மி.மீ. என்றால் எண் தனி, அலகு தனி, எதை அளந்தார்கள் என்ற குறியீடு தனி. எல்லாம் கிளை கிளையாக இருக்கும். நோட்பேடில் திறந்தால் கிறுக்கல்தான்.

• ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் உருவான இலவச மென்பொருள் டிசிஎம்டிகே. அதன் ‘டிஎஸ்ஆர்2எக்ஸ்எம்எல்’ கட்டளை ஒரே வரியில் அறிக்கையை எக்ஸ்எம்எல் (XML) என்ற உரை வடிவமாக்கிவிடும். பிரவுசரில் படிக்க ‘டிஎஸ்ஆர்2ஹெச்டிஎம்எல்’.

• ‘எக்ஸ்எம்எல்2டிஎஸ்ஆர்’ பழையபடி டைகாமாக்கும். ஆனால் மகா கறார்: ‘டிஎஸ்ஆர்2எக்ஸ்எம்எல்’ தரும் அதே அமைப்பில் இல்லாத எக்ஸ்எம்எல்லைத் தொடாது.

• நோயாளியின் பெயர், பிறந்த தேதி எக்ஸ்எம்எல்லிலும் அப்படியே வரும். வெளியே அனுப்புமுன் நீக்குவது உங்கள் வேலை.